ரூகர் மார்க் 4: மறதிக்காரர்களுக்கும் இடம் தந்த கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கிகளை மதிப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு நெருக்கமாகக் குறியில் அடிக்கிறது, விசை எத்தனை இலகுவாக இழுபடுகிறது, கைப்பிடி உள்ளங்கையில் எப்படி அமர்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுட்டு முடித்து வீடு திரும்பிய பிறகு, களைப்போடும் பாதிக் கவனத்தோடும் மேசையில் அமர்ந்து அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டும்போது அந்தத் துப்பாக்கி நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் காகித இலக்குகளைச் சுடப் பழகும் ஒருவர் .22 அங்குல ரகக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்க நினைத்தால், அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து. ரூகர் நிறுவனத்தின் மார்க் 4 கைத்துப்பாக்கியை அந்த ஒரு கோணத்திலிருந்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். அதன் குறி துல்லியமானது, விசை நடுத்தரமானது என்ற இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

.22 தோட்டா சிறியது, மலிவானது, தோளையும் காதையும் அதிகம் வருத்தாதது. ஆனால் அழுக்கு விஷயத்தில் தன் அளவுக்கு மீறியது. அதன் குண்டு பெரும்பாலும் செம்பு உறையில்லாத வெறும் ஈயம். அதன் மேல் மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசப்பட்டிருக்கும். முழுவதும் எரியாத வெடிமருந்துத் துகள்களும் அதோடு சேர்ந்துகொள்ளும். தோட்டா வெடித்த அழுத்தமே, அதன் பின்புறத்தை அடைத்து நிற்கும் போல்ட் என்ற உலோகப் பகுதியை நேராகப் பின்னுக்குத் தள்ளும் எளிய அமைப்பு என்பதால், அந்தப் புகையும் கரியும் துப்பாக்கியின் உள்ளறைக்கே திரும்பி வந்து படிகின்றன. எனவே இந்த வகைத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்காமல் நெடுநாள் வைத்திருக்க முடியாது. அடிக்கடி பிரிக்க வேண்டிய பொருள், பிரிப்பதற்குக் கடினமானதாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ரூகரின் பழைய வாடிக்கையாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்திருந்தார்கள்.

வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949 இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருளே ஒரு .22 கைத்துப்பாக்கிதான். ஜப்பானிய நாம்பு கைத்துப்பாக்கியின் உள்ளமைப்பிலிருந்து கற்றுக்கொண்டு, ஜெர்மானிய லூகரை நினைவூட்டும் சாய்ந்த கைப்பிடியோடு ரூகர் அதை வடிவமைத்தார். அன்றைய விலை 37.50 டாலர். தகட்டிலிருந்து அழுத்தி வடிவமைத்த இரண்டு பாதிகளைப் பற்றவைத்துச் செய்த கைப்பிடிச் சட்டமும், குழலோடு இணைந்த உருளை வடிவ ரிசீவரும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் உருளைப் போல்ட்டும் அதன் சாரம். மலிவாகச் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்த அந்த அமைப்பு துல்லியத்திலும் உறுதியிலும் விலை உயர்ந்த போட்டியாளர்களைத் திகைக்க வைத்தது. 1951 இல் மார்க் 1, 1982 இல் மார்க் 2, 2004 இல் மார்க் 3 என்று அது வளர்ந்தது. ஆனால் பிரித்துப் பூட்டும் முறை மட்டும் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது.

அந்த முறையை விரிவாகச் சொல்லாவிட்டால் மார்க் 4 எதற்காகப் பாராட்டப்படுகிறது என்பது விளங்காது. பழைய மார்க்குகளில் கைப்பிடியின் பின்புறத்தில், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹாமர் என்ற சுத்தியை உந்தும் மெயின்ஸ்பிரிங்கின் கூடு ஒன்று மடக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் சிறிய கொக்கியை நகத்தாலோ காகிதக் கிளிப்பாலோ நெம்பி, கூட்டை வெளிப்புறமாகத் திருப்பி, கீழ்நோக்கி இழுத்தால், ரிசீவரையும் போல்ட்டையும் சட்டத்தோடு பிணைத்திருக்கும் நீண்ட பின்னும் அதோடு சேர்ந்து வெளியே வரும். பிறகு போல்ட் பின்புறமாக வழுக்கி வெளியேறும். ரிசீவரைச் சட்டத்திலிருந்து பிரிக்க, புதிய துப்பாக்கியாக இருந்தால், ரப்பர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இதுவரை பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பிரித்தவர் எல்லாரும் தம்மைக் கைதேர்ந்தவர் என்று நினைத்துக்கொள்ளும் கட்டம் இது.

பூட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஹாமரிலிருந்து தொங்கும் ஸ்ட்ரட் என்ற சிறு தண்டு மெயின்ஸ்பிரிங் கூட்டின் குழிவான முனையில் சரியாகப் போய் அமர வேண்டும். அது எங்கே தொங்குகிறது என்பது வெளியிலிருந்து தெளிவாகத் தெரியாது. துப்பாக்கியைச் சரியான கோணத்தில் சாய்த்து, புவியீர்ப்பை நம்பித்தான் அதை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாய்ப்பதற்கு மறந்தால், அல்லது சாய்த்த பிறகு கொக்கியைத் தேடும் அவசரத்தில் கை நிமிர்ந்துவிட்டால், ஸ்ட்ரட் சட்டத்தின் குறுக்குப் பின்னில் போய் மாட்டிக்கொள்ளும். கூடு மூடாது, மூடினாலும் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது பாதி வழியில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மார்க் 3 இந்தச் சிக்கலோடு இன்னொன்றையும் சேர்த்தது. தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை வேலை செய்யாத தடுப்பு அமைப்பு அதில் இருக்கிறது. பிரிக்கும்போதும் பூட்டும்போதும் குறிப்பிட்ட சில கட்டங்களில் விசையை இழுத்து ஹாமரை விடுவிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் வெறும் மேகசினை உள்ளே செருக வேண்டும், பிறகு எடுக்க வேண்டும், பிறகு மீண்டும் செருக வேண்டும். எந்தக் கட்டத்தில் மேகசின் உள்ளே, எந்தக் கட்டத்தில் வெளியே என்ற வரிசையை நினைவில் வைத்திருப்பவர் கையேட்டைத் திறந்து வைத்திருப்பவராகத்தான் இருப்பார். நடுவில் கைப்பேசி ஒலித்துவிட்டால் வரிசை போய்விடும். துப்பாக்கிக் கடைகளின் பழுதுபார்க்கும் மேசைக்குப் பழைய மார்க்குகள் பிளாஸ்டிக் பையில் போட்ட உதிரிகளாக வந்து சேருவது அமெரிக்கச் சுடுநர்களிடையே நெடுங்கால நகைச்சுவை. ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடிக்கவும், பிரிக்கும் வேலையைச் சுருக்கவும் சிறு நிறுவனங்கள் தனியாகத் துணைப் பொருள்களைச் செய்து விற்றன. ஒரு துப்பாக்கியைச் சுத்தம் செய்வதற்காகவே தனிச் சந்தை ஒன்று உருவானது அதன் வடிவமைப்புக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அல்ல. இந்தப் பயத்தாலேயே பலர் அதைப் பிரிக்காமல், போல்ட்டைத் திறந்து வைத்து, கரைப்பானைப் பீய்ச்சி, துணியால் துடைத்துவிட்டு உறையில் போட்டார்கள். அப்படியும் அது சுட்டுக்கொண்டே இருந்தது என்பது வேறு கதை.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கியைப் பூட்டும்போது நேரும் கவனக்குறைவுகள் இரண்டு வகைப்படும். ஒரு வகை உடனே கூச்சலிடும்; துப்பாக்கி மூடாது, நகராது, சுடாது. மற்றொரு வகை வாயைத் திறக்காது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், அடுத்த தோட்டா வெடிக்கும் நொடியில்தான் தவறு வெளிப்படும். பழைய மார்க்குகளின் புகழ்பெற்ற தொல்லைகள் அனைத்தும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவை பொறுமையைச் சோதிக்கும், மாலைப் பொழுதைக் கெடுக்கும், ஆனால் கண்ணைப் பறிக்கா.

இரண்டாம் வகைக்கு வரலாற்றில் மிகக் கசப்பான எடுத்துக்காட்டு கனடாவின் ராஸ் ரைஃபிள். முதல் உலகப் போருக்குக் கனடியப் படைகள் எடுத்துச் சென்ற அதன் மார்க் 3 வகையில், போல்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து தவறான நிலையில் பூட்டிவிட்டாலும் அது ரைஃபிளுக்குள் நுழையும், மூடும், மூடியதுபோலவே காட்சி தரும். ஆனால் அதன் பூட்டுப் பற்கள் சுழன்று பிடித்திருக்கா. விசையை இழுத்தால் போல்ட் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். பிற்பாடு தவறாகப் பூட்ட முடியாதபடி ஓர் ஆணியை அறைந்து அந்தக் குறையைச் சரிசெய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சிறு ஆணியால் தடுக்கக்கூடிய தவறை, சேற்றுக் குழிக்குள் தூக்கமின்றிக் கிடந்த சிப்பாயின் கவனத்துக்கு விட்டுவைத்திருந்தார்கள். இன்றைய ஏஆர்-15 வகை ரைஃபிளிலும் கேம் பின் என்ற சிறு உருளையைச் செருக மறந்து பூட்டிவிட்டால், போல்ட் பூட்டிக்கொள்ளாமலேயே தோட்டா வெடித்து ரைஃபிள் சிதறக்கூடும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. இவற்றோடு ஒப்பிட்டால் 1911 என்ற பழைய அமெரிக்கக் கைத்துப்பாக்கியில் நேரும் கவனக்குறைவு வெறும் மானப் பிரச்சினைதான். ஸ்லைடு ஸ்டாப் என்ற குறுக்குப் பின்னைத் திரும்பச் செருகும்போது கை வழுக்கினால் சட்டத்தின் பக்கவாட்டில் வளைவாக ஒரு கோடு விழும். அமெரிக்கர்கள் அதை முட்டாளின் கீறல் என்றே அழைக்கிறார்கள். பழைய துப்பாக்கி வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

ஆக, மார்க் 4 ஐ மதிப்பிடும்போது நான் கேட்டுக்கொண்ட கேள்விகள் இரண்டு. கூச்சலிடும் தவறுகளை அது எவ்வளவு குறைத்திருக்கிறது? மௌனமான தவறுகளை அது என்ன செய்திருக்கிறது?

முதல் கேள்விக்கு விடை எளிது. 2016 இல் வெளிவந்த மார்க் 4 இன் கைப்பிடிச் சட்டத்துக்குப் பின்புறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா அமரும் அறை காலியா என்று பார்த்து, ஹாமர் பின்னுக்குப் போன நிலையில், சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினால், ரிசீவரும் குழலும் முன்புறக் கீலில் சாய்ந்து மேலெழும்பித் தனியே கையோடு வந்துவிடும். போல்ட் பின்பக்கமாக வழுக்கி விழும். சுத்தியும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை உள்ளே தள்ளி, முன் கொக்கியைச் சட்டத்தில் மாட்டி, பின்பக்கத்தை அழுத்தினால் டக்கென்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். ஸ்ட்ரட்டும் மெயின்ஸ்பிரிங்கும் சட்டத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால், எந்தத் தண்டு எங்கே தொங்குகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. பற்றவைத்த தகட்டுச் சட்டத்தை விட்டுவிட்டு, ஒரே உலோகத் துண்டைக் கடைந்தெடுத்த சட்டத்துக்கும் மாறியிருக்கிறார்கள். 22/45 என்ற இன்னொரு வடிவம், 1911 கைத்துப்பாக்கியின் நிமிர்ந்த கைப்பிடிக் கோணத்துக்குப் பழகியவர்களுக்காகச் செய்யப்பட்டது; பிரிக்கும் முறை அதிலும் இதேதான்.

இதில் மறக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். போல்ட்டின் மேற்பகுதியில் அமர்ந்திருக்கும் ஸ்பிரிங் தொகுதி தன் பள்ளத்திலிருந்து விலகியிருந்தால் போல்ட் முழுவதும் உள்ளே போகாது. ரிசீவர் தனியே இருக்கும்போது விளையாட்டாகச் சேஃப்டியைத் தள்ளி விசையை இழுத்து ஹாமரை விடுவித்துவிட்டால், அதை மறுபடி பின்னுக்குத் தள்ளி வைக்காமல் பூட்ட முடியாது. ஆனால் இவை இரண்டுமே உடனே கூச்சலிடும் தவறுகள். திருத்துவதற்கும் அரை நிமிடம் போதும். வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டிய இடங்கள் ஏழெட்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கின்றன. எங்கள் ஊர் ரேஞ்சில் வயதான நண்பர் ஒருவர், நடுங்கும் விரல்களோடு பழைய மார்க் 2 ஐப் பிரிக்கத் துணியாமல் பல ஆண்டுகள் கழித்தவர், மார்க் 4 ஐ முதல் முறை கையில் வாங்கியபோது கையேட்டைத் திறக்காமலேயே பிரித்துப் பூட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பொருளுக்கு அதைவிடச் சிறந்த சான்றிதழ் தேவையில்லை.

மௌனமான தவறுகளில் முதலாவதும் கொடியதும், அறையில் தோட்டா இருப்பதை மறந்து பிரிக்கத் தொடங்குவது. இங்குதான் மார்க் 4 இன் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது என்று கருதுகிறேன். பொத்தானின் வசதியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய மார்க்குகளைப் பிரிப்பதற்கு வீட்டு மேசையில் விசையை இழுத்தாக வேண்டும். க்ளாக் போன்ற இன்றைய புகழ்பெற்ற கைத்துப்பாக்கிகளிலும் ஸ்லைடு என்ற மேற்பகுதியைக் கழற்றுவதற்கு முன் விசையை இழுப்பது கட்டாயம். அறை காலி என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு அது வெறும் ஒரு சொடுக்கு. மறந்தவருக்கு அது வெடி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் எம் அண்ட் பி கைத்துப்பாக்கிக்குள் ஒரு சிறு நெம்புகோலை வைத்து, விசையைத் தொடாமலே கழற்ற வழி செய்தது இந்த அபாயத்தை எண்ணித்தான். மார்க் 4 இல் சேஃப்டி போட்ட நிலையிலேயே துப்பாக்கி பிரிகிறது. கவனம் தவறியவரின் விரல் விசைக்குப் போக வேண்டிய தேவையே இல்லாதபடி வரிசை அமைக்கப்பட்டிருக்கிறது.

ஆனாலும் சரிபார்க்கும் கடமை நீங்கவில்லை. மேகசினை எடுப்பதற்கு முன்பே போல்ட்டை இழுத்துப் பார்ப்பது மிகச் சாதாரணமாக நேரும் கவனக்குறைவு. அறையிலிருந்த தோட்டா வெளியே விழுந்துவிடும். பார்த்தவர் நிம்மதியாகப் போல்ட்டை விடுவார். மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு மேகசினை எடுத்துவிட்டுத் துப்பாக்கி காலி என்று நம்புவார். இந்த வரிசைத் தவறை எந்தப் பொத்தானும் திருத்தாது. மார்க் 3 இல் அறைக்குள் தோட்டா இருந்தால் பக்கவாட்டில் துருத்திக் காட்டும் அறிவிப்பான் ஒன்று இருந்தது; அது அசிங்கமாக இருக்கிறது, அழுக்குச் சேர்கிறது என்று பயனர்கள் குறைகூறியதால் மார்க் 4 இல் அதை நீக்கிவிட்டார்கள். அந்த நீக்கம் எனக்கு உவப்பாக இல்லை. மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாத தடுப்பை மட்டும் தக்கவைத்திருக்கிறார்கள். அது இன்னொரு காப்பு என்பது உண்மை, ஆனால் அதை நம்பி அறையைப் பார்க்காமல் விடுபவரின் கவனக்குறைவை அது வளர்க்கவும் கூடும்.

இரண்டாவது மௌனத் தவறு குழலுக்குள் துணியை விட்டுவிடுவது. கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளைத் துடைத்தவர்களுக்குப் புல்த்ரூ என்ற துடைக்கும் கயிறும் சிந்தித் துணியும் நினைவிருக்கும். கயிற்றின் கண்ணில் கோத்த துணி நடுக்குழலில் நழுவிச் சிக்கிக்கொண்டால் என்ன பாடு என்பதும் நினைவிருக்கும். சிக்கியதை அறிந்தவர் பிழைத்தார். அறியாதவர் அடுத்த முறை சுடும்போது, குண்டு அந்தத் துணியில் மோத, பின்னால் எழும் அழுத்தம் குழலை வளையம்போல் வீங்கச் செய்துவிடும்; .22 என்றாலும் அந்தக் குழல் அதோடு முடிந்தது. மார்க் 4 இல் போல்ட் முழுவதுமாக வெளியே வந்துவிடுவதால், துப்புரவுக் கம்பியை அறைப்பக்கத்திலிருந்தே செலுத்தலாம்; முடித்த பிறகு குழலைச் சன்னலை நோக்கிப் பிடித்து மறுமுனை வெளிச்சத்தைப் பார்த்துவிடலாம். குழல் வாயிலிருந்து கம்பியைத் திணிப்பவர்கள் வாயின் விளிம்பைத் தேய்த்துக் குறியைக் கெடுத்துக்கொள்வதும் இதனால் தவிர்க்கப்படுகிறது. திருகாணிகளைக் கழற்ற வேண்டிய போட்டித் துப்பாக்கிகளில் பலர் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் வாய்ப்பக்கமாகவே சுத்தம் செய்வதைப் பார்க்கிறேன்.

மூன்றாவது, போல்ட்டுக்குள் இருக்கும் ஒரு மிகச் சிறிய குறுக்குப் பின்னைப் பற்றியது. தோட்டாவைக் கொத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னை அளவுக்கு மீறி முன்னே போகவிடாமல் தடுப்பது அது. ஆழமாகச் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் போல்ட்டையும் பிரித்து, அந்தப் பின்னைத் திரும்பச் செருக மறந்துவிட்டால், துப்பாக்கி வழக்கம்போல் பூட்டிக்கொள்ளும், வழக்கம்போல் சுடும். ஆனால் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும்போதெல்லாம் ஃபயரிங் பின் அறையின் விளிம்பை நேராகக் கொத்தும். கொத்திய இடம் உள்நோக்கிப் பிதுங்கி, கொஞ்ச நாளில் தோட்டா ஏறுவதும் இறங்குவதும் தடுமாறும். பழைய மார்க்குகளுக்கும் புதியதற்கும் இது பொது. ரூகரின் கையேடு இந்தப் பின் இருக்கும்வரை வெற்றுச் சுடுதலை அனுமதிக்கிறது. எனவே போல்ட்டைப் பிரிக்கும் எண்ணமே இல்லாதவருக்குக் கவலை இல்லை. வெளியிலிருந்து தூரிகையால் தேய்த்துக் கரைப்பானால் கழுவினாலே போல்ட் போதிய அளவு சுத்தமாகிவிடும்; அதற்குமேல் பிரிப்பது பெரும்பாலோருக்குத் தேவையில்லாத வேலை என்பதே என் அனுபவம்.

எண்ணெய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மறதிக்காரர்கள் இரண்டு முறை எண்ணெய் விடுவார்கள், ஒருமுறை விட்டதை மறந்து. அது ஃபயரிங் பின் ஓடும் தடத்தில் தேங்கிக் கரியோடு குழைந்தால் தோட்டா வெடிக்காமல் போகும். போல்ட்டின் புறப்பரப்பில் மெல்லிய படலம் போதும். அறை உலர்ந்தே இருக்க வேண்டும். குண்டு ஈயம், பற்றவைக்கும் கலவையிலும் ஈயச் சேர்மம் என்பதால், இந்த வேலையைச் சமையலறை மேசையில் வைத்துக்கொள்ளக் கூடாது. முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் போடக் கூடாது.

இவ்வளவு அக்கறையோடு பயனரின் மறதியைக் கணக்கில் எடுத்த இதே துப்பாக்கியில், செய்தவர்களின் பக்கமே ஒரு மௌனத் தவறு நுழைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிவந்து ஓராண்டு ஆவதற்குள், 2017 ஜூனில், ரூகர் நிறுவனமே ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. சேஃப்டி நெம்புகோல் சுடும் நிலைக்கும் பாதுகாப்பு நிலைக்கும் நடுவில் நின்றிருக்கும்போது விசையை இழுத்தால், துப்பாக்கி அப்போது சுடாமல் இருந்துவிட்டு, பின்னர் சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் தள்ளும் நொடியில் தானாகவே சுடக்கூடும் என்பதே அதன் சாரம். 2017 ஜூன் 1 ஆம் தேதிக்கு முன் செய்யப்பட்ட மார்க் 4 மற்றும் 22/45 துப்பாக்கிகள் அனைத்தும், அதாவது வரிசை எண் 401 என்றோ டபிள்யூபிஆர் என்றோ தொடங்குபவை, இதில் அடங்கும். உரிமையாளர்கள் அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். நிறுவனம் தன் செலவிலேயே திருத்தித் தந்தது. நெம்புகோலை முழுமையாகத் தள்ளாமல் பாதியில் விடுவது எவ்வளவு இயல்பான கவனக்குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் குறையின் தீவிரம் புரியும். அதே நேரத்தில், பெரிய விபத்துச் செய்திகளுக்காகக் காத்திராமல், மொத்த உற்பத்தியையும் பகிரங்கமாகத் திரும்ப அழைத்ததை நான் நிறுவனத்தின் கணக்கில் வரவாகவே வைக்கிறேன்.

இதே விலை வட்டத்தில் நிற்கும் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம். பிரவுனிங் நிறுவனத்தின் பக் மார்க், 1985 முதல் விற்பனையில் இருப்பது. விசை இதைவிட நயமானது. ஆனால் அதன் மேற்பகுதியைக் கழற்ற அறுகோணச் சாவியால் திருகாணிகளை எடுக்க வேண்டும். அவற்றோடு வரும் சிறு பூட்டு வளையங்கள் தரையில் உருண்டு காணாமல் போவதும், அவை இல்லாமலே திருகாணி முடுக்கப்படுவதும், சுடச்சுட அது தளர்வதும் வாடிக்கை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2016 இல் கொண்டுவந்த விக்டரி ஒரே ஒரு திருகாணியால் அதைத் தீர்த்தது. அந்த ஒன்றை முழுமையாக முடுக்க மறந்தவரின் குண்டுகள் காகிதம் முழுவதும் அலையும், காரணம் தெரியாமல் தோட்டாவைக் குறைசொல்வார். துல்லியம் ஒன்றே குறி என்பவருக்கு இரண்டுமே நல்லவை. பிரித்துப் பூட்டும் மேசையில் மார்க் 4 க்குப் பக்கத்தில் இரண்டும் வரா.

பழைய மார்க் 2 அல்லது 3 வைத்திருப்பவர்கள் இதற்காக அதை விற்றுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மார்க் 2 இன்றும் அழகான பொருள். பொறுமையும் அமைதியான ஒரு மணி நேரமும் உள்ளவர்களுக்கு அதன் பூட்டுமுறை பழகிவிடும். மார்க் 3 ஐ மட்டும் புதிதாகத் தேடி வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. அதில் மேகசின் தடுப்பைக் கழற்றிவிட்டு மார்க் 2 இன் உதிரியைப் பொருத்தித் தருவதாகச் சிலர் விற்கிறார்கள். பூட்டுவது எளிதாகும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு காப்பை நீக்கிய துப்பாக்கியை, அது நீக்கப்பட்டதை அறியாத இன்னொருவர் கையில் எடுக்கும் நாள் வரும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

பயன்படுத்திய மார்க் 4 ஐ வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். வரிசை எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து, 401 அல்லது டபிள்யூபிஆர் என்றால் திருத்தம் செய்யப்பட்டதற்கான சான்றைக் கேட்க வேண்டும். கடைக்காரர் முன்னிலையிலேயே அறை காலி என்று சரிபார்த்துப் பொத்தானை அழுத்திப் பிரித்து, அறையின் விளிம்பில் ஃபயரிங் பின் கொத்திய தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போல்ட்டின் சிறு குறுக்குப் பின் அதன் இடத்தில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. இந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அந்த மறுப்புக்கு எந்த நியாயமும் கிடையாது.